நம் மஹல்லாவின் மரங்கள்

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும், வழக்கம்போல் எங்கள் சிவகிரி மையவாடிக்குச் சென்றிருந்தேன். அத்தாவும் அம்மாவும் அடங்கியிருக்கும் இடத்தருகே நின்று ஸலாம் கூறி, துஆச் செய்து முடித்துத் தலையை நிமிர்த்தினேன். மேலே கவிந்திருந்த வேப்பமரத்தின் தோற்றம் என்னைத் திடுக்கிட வைத்தது. கிளைகளின் நுனிகளெல்லாம் தீயில் வாட்டியதுபோலப் பழுப்பேறித் தொங்கின. அடுத்த மரத்தைப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. மழைக்காலத்தில், ஈரம் ஊறிய மண்ணில் நிற்கும் மரங்கள் ஏன் காய வேண்டும்?

அன்று மையவாடி முழுவதையும் சுற்றிவந்து மரங்களை எண்ணினேன். மொத்தம் 22 மரங்கள். அவற்றுள் 19 வேம்பு. அந்தப் 19 மரங்களும் கருகியிருந்தன. எஞ்சியவை ஒரு நாவல், ஒரு பூவரசு, ஒரு புங்கு. அவை மூன்றும் எதுவும் நடவாததுபோலப் பச்சைப் பசேலென்று நின்றன.

செய்தி பரவியதும் மஹல்லாவில் பலவிதமான பேச்சுக்கள் எழுந்தன. யாரோ வேரில் திராவகம் ஊற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர். செல்பேசிக் கோபுரமே காரணம் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்றார் ஒரு மூதாட்டி. அடுத்த வாரம் கூடிய ஜமாஅத் கூட்டத்தில், பட்டுப்போகும் மரம் எவர் தலையிலேனும் விழுவதற்கு முன் எல்லாவற்றையும் வெட்டி விற்றுவிடலாம், அந்தத் தொகையில் மையவாடிச் சுற்றுச் சுவரைக் கட்டி முடித்துவிடலாம் என்று பலரும் கூறினர். மர வியாபாரி ஒருவர் விலைகூடச் சொல்லியிருந்தார். பணி ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையில் நான் எழுந்து, பங்குனி வரையில் தவணை கேட்டேன். அரைமனத்துடன் கொடுத்தார்கள்.

இத்துணை அச்சத்துடன் நான் அந்தத் தவணையைக் கேட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

வேம்புக்கு வந்த நோய்

ஒரு காய்ந்த கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வேளாண்மை அலுவலர் ஒருவரிடம் சென்றேன். அவர் பார்த்தவுடனேயே தலையசைத்தார். இந்த வாட்டம் எங்கள் ஊருக்கு மட்டும் வந்ததன்று என்றும், 2021ஆம் ஆண்டில் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்ப மரங்கள் இவ்வாறே கருகின என்றும், தமிழ்நாட்டிலும் பல இடங்களில் காணப்படுகிறது என்றும் கூறினார். போமாப்சிஸ் என்னும் பூசணம் ஒன்று இளங்கிளைகளின் வழியே இறங்கி அவற்றைக் காயச் செய்கிறது. அத்துடன் தேயிலைக் கொசு என்று வழங்கும் சிறு பூச்சி, கொழுந்துகளைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. பெயர்தான் தேயிலைக் கொசு. முந்திரி, கொய்யா, வேம்பு ஆகியவற்றையும் அது விடுவதில்லை. மழையும் ஈரமும் நிறைந்த மாதங்களில் இவை மிகுகின்றன.

“மரத்தை வெட்ட வேண்டாம். கைக்கெட்டும் காய்ந்த கிளைகளை மட்டும் நறுக்கி எரித்துவிடுங்கள். வேர் நன்றாக இருந்தால் வெயில் ஏறும்போது துளிர்த்துவிடும்” என்பது அவர் கொடுத்த யோசனை.

அவ்வாறே செய்தோம். பங்குனியில், அல்ஹம்துலில்லாஹ், 17 மரங்கள் செந்துளிர் விட்டன. 2 மரங்கள் பட்டுப்போயின. சுற்றுச் சுவர் பாதியிலேயே நின்றது. ஆனால், அவ்வாண்டு சித்திரை வெயிலில் ஒரு ஜனாஸாவைச் சுமந்து வந்தபோது, வந்தவர்கள் அனைவரும் நிழலில் நின்றார்கள்.

மரங்கள் பிழைத்ததில் மகிழ்ச்சிதான். எனினும் ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அந்த நோய் இன்னும் சற்றுக் கொடியதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 22 மரங்களில் 19 மரங்களை ஒரே ஆண்டில் இழந்து, மூன்றே மரங்களுடன் மையவாடி மொட்டைத் திடலாகியிருக்கும். மீண்டும் அந்த நிழலைக் காண இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அந்த வேம்புகளை நட்ட முன்னோர்கள் நல்ல நிய்யத்துடன்தான் நட்டார்கள். கிடைத்த கன்றை, கிடைத்த நாளில், வரிசையாக ஊன்றினார்கள். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஏனெனில் அதே தவற்றை, அவர்களைக் காட்டிலும் அவசரமாக நானும் செய்தவன்.

என் கையால் நட்ட மரம்

2001ஆம் ஆண்டில் நான் எங்கள் ஜமாஅத்தின் செயலாளராக இருந்தேன். பள்ளிவாசலைப் புதுப்பித்துக் கட்டியபோது முன்புறத்தில் இருந்த பழைய மரங்கள் போய்விட்டன. வெயில் தாங்காமல் மக்கள் குறைபட்டனர். விரைவாக வளரக்கூடிய மரம் வேண்டும் என்று நாற்றுப் பண்ணையில் கேட்டேன். குல்மோகர் கன்றுகள் 40 மலிவாகக் கிடைத்தன. மே மாதத்தில் செக்கச் செவேலென்று பூக்கும் அந்த மரத்தின் அழகில் எனக்கும் மயக்கம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், மதரஸாப் பிள்ளைகளைக் கொண்டு பள்ளிவாசலைச் சுற்றியும் இரண்டு தெருக்களிலும் ஒரே நாளில் நாற்பதையும் நட்டு முடித்தோம். பாலிதீன் பையைக் கிழித்து எறிந்துவிட்டு நட வேண்டும் என்று ஒரு பெரியவர் கூறினார். நேரம் ஆகிவிட்டது என்று, பையின் அடியில் ஒரு கீறல் மட்டும் போட்டுக் குழியில் இறக்கச் சொன்னவன் நான்.

மரங்கள் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக வளர்ந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். பள்ளிவாசல் வாயிலில் இருந்த மரத்தடியில், கணவரை இழந்த ஒரு தாய் ஆப்பம் சுட்டு விற்று வந்தார். அவரை ஊரார் அனைவரும் மாமி என்றே அழைப்பர்.

2013ஆம் ஆண்டு ஆடி மாதம். எங்கள் ஊருக்கு மேற்கே மலை. அங்கிருந்து இறங்கும் ஆடிக்காற்றின் வேகத்தைத் தென்காசி வட்டாரத்தார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதிகாலையில் அந்த வாயில் மரம் வேரோடு சாய்ந்தது. தண்டு மாமியின் மீது விழவில்லை. ஒரு பெருங்கிளை அவரது வலக்கையை முறித்தது. ஓடிச்சென்று அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, விழுந்த மரத்தின் அருகே வந்தேன். அதன் வேர்ப்பகுதியைக் கண்டதும் என் கால்கள் தளர்ந்தன. பக்கவாட்டில் பரவ வேண்டிய வேர்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும், பையின் வடிவிலேயே சுருண்டு ஒன்றையொன்று நெரித்துக் கிடந்தன. அவற்றினிடையே கறுப்புப் பாலிதீனின் கிழிசல்கள் இன்னும் மட்காமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

காற்றின் மீது பழிபோட ஊரார் அனைவரும் ஆயத்தமாக இருந்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அந்தப் பைக்கீறலைப் பற்றி இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

அன்று மாலையே எஞ்சிய குல்மோகர் மரங்களையெல்லாம் வெட்டிவிட ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. எதிர்த்துப் பேச எனக்கு நாவெழவில்லை. மாவுக்கட்டுடன் படுத்திருந்த மாமியைப் பார்க்கச் சென்றபோது அவர் கூறியதுதான் அந்த மரங்களைக் காப்பாற்றியது.

“வாத்தியார் தம்பி, கை கூடிரும். அதுக்காக மரத்தையெல்லாம் வெட்டிராதீங்க. நாளைக்கு நான் வெயில்ல எங்க போய் உக்காருவேன்?”

ஜமாஅத்தில் அவருடைய சொல்லை எடுத்துரைத்தேன். வீடுகளின் பக்கம் சாய்ந்தவற்றை மட்டும் வெட்டினோம். அவருடைய கை கூடியது. ஆனால் பழைய வலு வரவில்லை. மாவாட்ட இயலாமல் ஓராண்டில் ஆப்பக் கடையை நிறுத்திவிட்டார். மையவாடி வேம்புகள் கருகியபோது நான் தவணை கேட்டதன் காரணம் இதுதான். அவசரத்தில் நட்டதன் விளைவைக் கண்டவன், அவசரத்தில் வெட்டுவதை எப்படி ஒப்புக்கொள்வேன்?

நன்னா கூறிய கணக்கு

என் நன்னா புளி வியாபாரி. மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகவே போகிறது. சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். நன்னா அந்த ஏலத்தை எடுப்பார். சிறுவனாக இருந்த நான் அவருடன் நடந்து சென்றிருக்கிறேன். ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்து, “இது போன வருஷம் அள்ளிக் கொடுத்தது, இந்த வருஷம் ஓய்வெடுக்கும்” என்பார். ஒரே மரத்தை நம்பி ஏலம் எடுப்பவன் ஏமாறுவான் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். புளி ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு குறைவது இயல்பு. எல்லா மரமும் ஒன்றாக ஓய்வெடுப்பதில்லை என்பதால்தான் அவருடைய வியாபாரம் நடந்தது.

சாலையை அகலப்படுத்திய காலங்களில் அந்த மரங்களுள் பல வெட்டுண்டன. அவருடைய கணக்கை மட்டும் நான் பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மொழியில் படித்தேன். அமெரிக்காவின் தேசிய மரத்தோட்டத்தில் பணியாற்றிய பிராங்க் சாண்டமோர் என்னும் அறிஞர் 1990ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கூறினார். ஓர் ஊரின் மரங்களில் எந்த ஒரு வகையும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கலாகாது. ஒரே இனத்தைச் சேர்ந்தவை இருபதுக்கு மேலும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை முப்பதுக்கு மேலும் இருக்கலாகாது என்பதே அது.

அந்த விதி அங்கே பட்ட அடியிலிருந்து பிறந்தது. அமெரிக்க நகரங்களின் தெருக்களில் எல்ம் என்னும் மரத்தையே வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். 1930ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பூசண நோய் அவற்றைக் கோடிக்கணக்கில் அழித்தது. வெறுமையான பல தெருக்களில் அவர்கள் மாற்றாக நட்டது ஆஷ் என்னும் மரம். அதையும் வரிசை வரிசையாகவே நட்டார்கள். 2002ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய பகுதியில், கிழக்காசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு, பட்டைக்கு அடியில் குடைந்து ஆஷ் மரங்களைக் கொல்கிறது. மீண்டும் கோடிக்கணக்கில் மரங்கள் அழிந்தன.

அமெரிக்கா வரை போவானேன்? நம் தமிழகத்தில் நடந்தவற்றையே பாருங்கள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எல்லா வகை மரங்களும் விழுந்தன என்றாலும், மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப்பூக்கும் இயல்வாகை ஆகிய விரைந்து வளர்பவையே மிகுதியாக விழுந்து கிடந்தன. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தாக்கியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் ஓர் இரவில் இலட்சக்கணக்கான மரங்களை இழந்தன. அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் உறவினர் உள்ள வாசகர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும்.

வேம்பின் கதையிலும் நமக்குப் படிப்பினை உண்டு. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பலர், அரஃபாத் பெருவெளியில் நம்மூர் வேப்பமரத்தைக் கண்டு வியந்ததைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹாஜிகளுக்கு நிழல் தரும் பொருட்டு 1980களில் அங்கு ஏறத்தாழ 50,000 வேம்புகள் நடப்பட்டன. அந்தப் பாலை வெயிலில் நிற்பவருக்கு அது எத்தகைய அருட்கொடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேம்பு மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. நைஜர், நைஜீரியா, சாட் நாடுகளில் தெருக்களையும் வயல்களையும் அதுவே காத்தது. 1980களில் செதிற்பூச்சி ஒன்று பரவி அங்கிருந்த வேம்புகளை வாட்டியெடுத்தது. எத்துணைச் சிறந்த மரமாயினும், அது ஒன்றையே நம்பியிருப்பது ஆபத்து என்பதனை இவை உணர்த்துகின்றன.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் நம் சபராளிச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே சாலையோரங்களில் கத்தரித்த சுவர்போல நிற்கும் கோனோகார்பஸ் என்னும் மரத்தை ஊரிலும் நடலாம் என்று என்னிடம் சிலர் கூறியதுண்டு. அது நீர்க்குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் தேடிச் சென்று வேரால் சேதப்படுத்தும். அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டும் என்னும் புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023இல் அதனை நடுவதற்குத் தடை விதித்தது. பின்னர் தமிழ்நாடு அரசும் தடை விதித்துள்ளது. அங்கே பசுமையாக இருந்த ஒன்று இங்கும் நன்மை தரும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

எந்த இடத்திற்கு எந்த மரம்?

மரங்களைப் பலவகையாக நட வேண்டும் என்றவுடன், பண்ணையில் கிடைக்கும் பத்து வகையையும் வாங்கி ஊன்றிவிட்டால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. அவற்றின் உறவு முறையையும் பார்க்க வேண்டும். புளி, புங்கு, வாகை, சரக்கொன்றை, குல்மோகர் ஆகிய அனைத்தும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேம்பும் மலைவேம்பும் மகோகனியும் ஒரே குடும்பம். மருதும் நாட்டு வாதாமும் ஒரே இனம். ஆலும் அரசும் அத்தியும் அவ்வாறே. நெருங்கிய உறவுடைய மரங்களை ஒரே நோய் தொற்ற இடமுண்டு என்பதால் இவற்றைக் கலந்து நட வேண்டும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். மின்கம்பி ஓடும் குறுகிய தெருவில் நெல்லி, சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரங்கள் ஏற்றவை. பள்ளிவாசல் முற்றத்திற்கு மகிழமும் புங்கும் புன்னையும் நல்ல நிழல் தரும். மையவாடி போன்ற அகன்ற நிலத்தில் நாவல், இலுப்பை, புளி ஆகியவை நெடுங்காலம் நிற்கும். நீர் தேங்கும் தாழ்வான பகுதிக்கு மருது பொருந்தும். ஆலையும் அரசையும் சுவரருகே விடலாகாது. குளக்கரையிலும் திறந்தவெளியிலும் வைக்கலாம். மகிழம் மெல்ல வளரும் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். மெல்ல வளர்ந்த மரம் காற்றுக்கு எளிதில் முறிவதில்லை.

வயதிலும் வேற்றுமை வேண்டும். ஒரே நாளில் நட்டவை ஏறத்தாழ ஒரே காலத்தில் மூப்படையும். ஆண்டுக்குப் பத்தாக நட்டு வந்தால், ஒரு மரம் முதிர்ந்து விழும்போது அதன் அருகே வளர்ந்த மரம் ஒன்று நிற்கும்.

வளர்ப்பதும் காப்பதும்

மரம் நடுவது தருமம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்த மரத்திலிருந்து பறவையும் மனிதனும் உண்பதெல்லாம் நட்டவருக்கு நன்மையாகச் சேரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை ஆலிம்கள் அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். ஆயினும், நட்ட கன்றைக் காயவிட்டால் அந்த நன்மைக்கு வழியேது? நட்ட நாளில் புகைப்படம் எடுத்தவர்கள், அடுத்த சித்திரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வருவதில்லை. இது என் அனுபவமும்கூட.

எங்கள் பகுதிக்கு ஐப்பசி நடவே சிறந்தது. வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். குழி மூன்றடி அகலம் இருத்தல் நலம். பையை முழுவதும் கிழித்து எடுத்து, சுருண்ட வேர்களை விரல்களால் பிரித்துவிட்டு நட வேண்டும். முதல் மூன்று கோடைகளிலும் வாரத்திற்கு இருமுறையேனும் தண்ணீர் தேவை. பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் நீர் சாக்கடையில் வீணாகப் போவதை, ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மரங்களுக்குத் திருப்பிவிடலாம். எங்கள் பள்ளிவாசலில் அவ்வாறு செய்திருக்கிறோம். வீடுகளில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் வாசல் கன்றுக்குப் போதும்.

வளர்ந்த மரத்திற்கு நாம் இழைக்கும் தீங்குகள் பல. தெருவுக்குக் கான்கிரீட் போடும்போது அடிமரம் வரை சிமெண்டைப் பூசிவிடுகிறோம். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்திற்குள்ளேயே பரவியிருக்கிறது. அதற்குக் காற்றும் நீரும் வேண்டும். மரத்தைச் சுற்றி நான்கடியாவது மண்ணாகவே விட வேண்டும். விளம்பரத் தட்டிகளுக்கு ஆணி அடிக்கிறோம். அடியில் குப்பையைக் கொளுத்துகிறோம். கன்றைக் காக்கக் கட்டிய இரும்புக் கம்பியை மரம் பருத்த பின்னும் அவிழ்க்காமல் அதன் கழுத்தை இறுக்குகிறோம்.

மின்கம்பிக்காகவோ குப்பை விழுகிறதென்றோ மரத்தை மொட்டையடிப்பது இவை எல்லாவற்றிலும் கொடுமை. மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பின்னர் காற்றில் முறிந்து விழுபவை பெரும்பாலும் அவையே. கிளையை அகற்ற வேண்டுமாயின், அது தண்டுடன் சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியைச் சேதப்படுத்தாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். பாரமான கிளையானால் முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்துவிட்டு, பின்னர் மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வெட்டுவாயில் தார் பூசுவதால் பயனில்லை. மரம் தானே மூடிக்கொள்ளும். பொது நிலத்திலுள்ள மரத்தை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மஹல்லா நிர்வாகிகள் மனத்திற் கொள்ள வேண்டும்.

தாய்மார்கள் ஒன்று கேட்பார்கள். “மரம் வைக்கச் சொல்லுவது ஆண்கள், விடிந்ததும் சருகு கூட்டுவது நாங்கள் அல்லவா?” நியாயமான கேள்வி. என் மனைவி இதனைப் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள். தெரு மூலையில் ஒரு குழி வெட்டி, சருகையெல்லாம் அதில் போட்டு மண் தூவிவிட்டால், சில மாதங்களில் நல்ல உரமாகும். எங்கள் தெருவில் அந்தக் குழியை வெட்டியவர்களும், வாரம் ஒருமுறை சருகை அள்ளிச் செல்பவர்களும் இளைஞர்கள்தாம். அதன் பின்னரே எங்கள் வீட்டில் என் பேச்சுக்குச் சிறிது மரியாதை கிடைத்தது.

ஒரு நோட்டுப் புத்தகம்

பட்டுப்போன இரண்டு வேம்புகளின் இடத்தில் 2023 ஐப்பசியில் ஒரு நாவலையும் ஓர் இலுப்பையையும் நட்டோம். அதற்குப் பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் எட்டு, பத்துக் கன்றுகள்தாம் வைக்கிறோம். அதற்கு மேல் எங்களால் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற இயலாது. ஒவ்வொரு கன்றும் இரண்டு வீடுகளின் பொறுப்பு. ஓர் ஆண்டில் இரண்டு கன்றுகளை ஆடு தின்றுவிட்டது, மறுபடியும் வைத்தோம். இன்று வரையில் எட்டு வகை மரங்கள் புதிதாக வந்துள்ளன. வேம்பு இன்னும் நூற்றுக்குப் பத்து என்னும் கணக்குக்கு வெகுதூரத்தில்தான் இருக்கிறது. அதற்காக நல்ல மரத்தை வெட்டப் போவதில்லை. மற்றவை வளர வளர அந்தக் கணக்கு தானே சரியாகும். அதனைக் காண நான் இருக்க மாட்டேன்.

நன்னாவைப் போல நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். மரத்தின் பெயர், நின்ற இடம், நட்ட ஆண்டு, பொறுப்பேற்ற வீடு, கண்ட நோய் ஆகியவற்றை அதில் எழுதி வருகிறேன். கண்பார்வை மங்கிவருவதால், சென்ற ஆண்டு முதல் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமி எனக்காக எண்ணி எழுதுகிறாள். முதல் நாளே என் கணக்கில் ஒரு பூவரசு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆப்பக்கடை மாமி 2019இல் வஃபாத்தானார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு புங்க மரம் நிற்கிறது. பையை முழுவதும் கிழித்து, வேர்களைப் பிரித்து, என் கையாலேயே நட்டது. லுஹர் தொழுகைக்கு வருபவர்கள் அதன் கீழ்ச் செருப்பைக் கழற்றுகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்காகத் துஆச் செய்கிறேன்.

வாசகர்களே! உங்கள் ஊரில் மையவாடி இருக்கும், பள்ளிவாசல் முற்றம் இருக்கும், தெரு இருக்கும். வருகின்ற ஐப்பசிக்கு முன் ஒருநாள், அஸருக்குப் பின் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அங்குள்ள மரங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை மரம் என்பதுடன், எத்தனை வகை என்றும் எழுதுங்கள். எந்த மரம் வாடியிருக்கிறது, எதன் கழுத்தைக் கம்பி இறுக்குகிறது, எதன் அடியில் சிமெண்ட் பூசியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.